வலி போய்ச் சேர்ந்த இடம்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் சூசைராஜ் ஊசி குத்தினால் வலி போய்விடும், ஆனால் அழியாது. யாருக்குக் குத்தினாரோ அவர்மேல் உலகத்திலேயே அதிகமாக உயிரை வைத்திருப்பவர் எவரோ, அவர் உடம்பில், அதே இடத்தில், பொழுது சாய்வதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யுத்தக் காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர் சூசைராஜ். ரங்கூனில் ஒரு சீன வைத்தியரிடம் கற்றுக்கொண்ட வேலை அது. மருந்து கிடையாது, தலைமுடி கனத்தில் வெள்ளி ஊசிகள் மட்டும்தான். ரங்கூனில் குத்தும்போது வலி இப்படி இடம் மாறியதில்லை, திண்டுக்கல் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்பார். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் காதுவலியைத் தாய்மார்கள் வாங்கிக்கொண்டார்கள். வண்டிக்காரர் ராமர் ஒண்டிக்கட்டை; அவருடைய பல்வலி செவலைக் காளைக்குப் போனது, காளை இரண்டு நாள் வைக்கோலைத் தொடவில்லை. புகையிலை வியாபாரி சுப்புராஜின் தலைவலி மட்டும் ஊசியை எடுத்த பிறகும் அவர் தலையிலேயே நின்றது. பெரிய குடும்பம் அவருடையது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அந்த வருடமே கடையைக் காலி செய்துவிட்டு ஊரை விட்டும் போய்விட்டார்.

ஐம்பத்து மூன்றில் சின்னாளப்பட்டி நெசவாளி பொன்னுத்துரைக்கு இடது இடுப்பில் வலி பிடித்தது. தொடையின் பின்பக்கமாக இறங்கிக் குதிகால்வரை இழுக்கும். தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிக்க முடியவில்லை. நொச்சி ஒத்தடமும் ஆஸ்பத்திரி மாத்திரையும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஆவணி மாதம் அவர் மனைவி வீரலட்சுமி அவரை மேட்டுப்பட்டிக்குக் கூட்டிப்போனாள். வலி தனக்குத்தான் வரும் என்று தெரிந்துதான் போனாள். போவதற்குமுன் குடங்களை நிறைத்து, மாவு இடித்து, படுத்துக் கிடக்கப்போகிறவள் செய்யவேண்டிய வேலையெல்லாம் செய்துவைத்தாள்.

இடுப்பில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று குத்தி சூசைராஜ் மெல்லத் திருகினார். மதமதவென்று ஏதோ ஊர்கிறது என்றார் பொன்னுத்துரை. பிறகு எழுந்து நடந்தார். பஸ்ஸில் வீரலட்சுமி இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீடு வந்தது, விளக்கு வைத்தாயிற்று. வலி வரவில்லை. மறுநாள் அவர் தறியில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தார்.

"எங்க போச்சுன்னு தெரியலையே" என்றாள்.

"போனது போச்சு, விடு புள்ள."

அவள் விடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்தாள். கொய்யாக் காலத்தில் சந்தைக்கு வந்த ஆயக்குடிக்காரி ஒருத்திதான் சொன்னாள். "ஏனுங்க, எங்க தோப்புல காவலுக்கு இருக்கற ஒச்சம்மாளுக்கு அப்படித்தானுங்க. ஆவணியில ஒரு நாளு சாயங்காலம் நின்ன எடத்துலயே விழுந்துட்டாங்க. இடது இடுப்புலருந்து குதிகால் வரைக்கும் இழுக்குதுங்க."

வீரலட்சுமிக்கு அந்தப் பெயர் தெரியும். ஒச்சம்மாள் பொன்னுத்துரையின் மூத்த மனைவி. பிள்ளை இல்லையென்று அவளை ஆயக்குடியிலிருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வீரலட்சுமியைக் கட்டிவைத்தார்கள். வீரலட்சுமிக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக யாரும் ஒச்சம்மாளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அண்ணனும் செத்துப்போக, அவள் தோப்புக் குடிசையில் தனியாகக் கிடந்தாள்.

பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீரலட்சுமி ஆயக்குடிக்குப் போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் கேட்பதற்கு வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டே போனாள். ஒச்சம்மாள் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வந்தவள் யாரென்று புரிந்ததும், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவுக இப்ப நடக்குறாகளா?"

"நடக்குறாக."

"தறியில உக்காருறாகளா?"

"உக்காருறாகக்கா" என்றாள் வீரலட்சுமி. அக்கா என்ற அந்தச் சொல் அவளை அறியாமல் வாயில் வந்தது.

அதன்பிறகு ஒன்பது வருடம் அவள் பழனிக்குப் போகிறவளானாள். எண்ணெய் கொண்டுபோவாள், இடுப்பை நீவிவிடுவாள், ஊசி குத்திக்கொள்ளச் சொல்லுவாள். ஒச்சம்மாள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிடுவாள். "எனக்குக் குத்துனா அது யாருகிட்ட போகும் தாயி? எங்கயும் போகாம நின்னுச்சுன்னா அதயும்ல நான் தெரிஞ்சுக்கிறணும். வலிய நான் தாங்கிக்கிருவேன்."

அறுபத்து இரண்டில் ஒச்சம்மாளால் நிற்கவே முடியாமல் போனது. தவழ்ந்து போய்த் தண்ணீர் மொண்டாள். வீரலட்சுமி அவளைக் கேட்காமல் சூசைராஜைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினாள். வலி இந்தமுறை தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குடிசைக்கு வேறு யார் வந்துபோனார்கள்? ஊசியைத் திருகிய சற்று நேரத்தில் ஒச்சம்மாள் கால் ஊன்றி நின்றாள். நின்று, வீரலட்சுமியையே பார்த்தாள்.

"ஒனக்கு வந்துருச்சா?"

வீரலட்சுமியின் உடம்பில் ஒன்றும் இல்லை. "வந்துருச்சுக்கா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தோப்பு கண்ணுக்கு மறையும்வரை வீரலட்சுமி காலை இழுத்து இழுத்து நடந்தாள். சூசைராஜ் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீடு வந்தபோது பொன்னுத்துரை தறிக்குழியிலிருந்து ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"திரும்ப வந்துருச்சு புள்ள. அதே எடம். ஏன்னு தெரியல."

வீரலட்சுமிக்குத் தெரிந்தது. கூடையை இறக்கி வைத்தாள். அக்குளில் கைகொடுத்து அவரை மேலே தூக்கினாள். அடுப்பு மூட்டி ஒத்தடத்துக்கு உப்பு வறுத்தாள்.

பிறகு அவள் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல அந்த வலிக்கு முறை வைத்தாள். கொய்யா பறிக்கும் காலத்தில் ஒச்சம்மாளுக்கு ஊசி, வலி பொன்னுத்துரையிடம் இருக்கும். தீபாவளிச் சேலைக்குத் தறி ஓடும் காலத்தில் அவருக்கு ஊசி, வலி ஆயக்குடிக்குப் போய்விடும். வலி எங்கே போகிறது என்று அவர் கேட்டதே இல்லை. ஒச்சம்மாளோ அது தனக்கும் வீரலட்சுமிக்கும் நடுவில்தான் போய்வருகிறது என்று நம்பினாள்; ஒவ்வொரு முறை விழும்போதும், பாவம் அவள் கொஞ்ச நாள் சுகமாக இருக்கட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

அறுபத்தெட்டில் வீரலட்சுமிக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. பொன்னுத்துரையின் முறைக்காக மேட்டுப்பட்டிக்கு வந்திருந்த ஒரு நாள், சூசைராஜ் ஊசிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செத்த நேரம் உக்காரு தாயி. ஒனக்கும் குத்தி விட்டுர்றேன்."

"எனக்கு வலி ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் வீரலட்சுமி. சுவரைப் பிடித்து எழுந்து, கணவர் முன்னால் விறுவிறுவென்று போக, பின்னால் மெல்ல மெல்ல பஸ்ஸுக்கு நடந்தாள்.