கெரசிமின் ஓக் பலகைகள்

நான்கு நாளாகப் பனி கொட்டி, சொரோக்கா நகரத்திலிருந்து ஊருக்கு வரும் சாலையை மூடிவிட்டது. விறகு வண்டி வரவில்லை. கொட்டகையில் கிடந்த விறகு நனைந்துபோய், புகைந்ததே தவிர எரியவில்லை. பராஸ்கா மக்காச்சோளச் சக்கையை அள்ளி அள்ளிப் போட்டாள். அது அரைமணியில் சாம்பலானது. எழுபத்தைந்து வயதில் ஓர் அடுப்புக்கு அடிமையாக வேண்டுமென்று எந்தப் புண்ணியவான் தலையில் எழுதினானோ.

மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு ஒரே அறையில்தான் குளிர்காலம். பட்ட காலிலேயே படும் என்பார்களே, அவளைவிட நாலு வயது மூத்த புருஷன் கெரசிமுக்கு மார்ச்சளி கண்டிருந்தது. அடுப்பின் மேலே கட்டிய மேடையில், ஆட்டுத்தோல் கோட்டுக்குள் நடுங்கிக் கிடந்தான். அறை சூடு குறைந்தால் ஆள் தாங்காது என்று பனிக்கு முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார்.

கெரசிமோ போகத் தயாராகிவிட்டான்.

"கிழவி, பரணுல இருக்கிற என் பலகைய இறக்கச் சொல்லு. தச்சன்கிட்டயும் சொல்லிடு."

அந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்கள் தங்கள் சவப்பெட்டிக்கான பலகையைப் பரணில் காயப்போட்டு வைப்பார்கள். கெரசிமுடையது ஓக். தானே வெட்டி, தானே இழைத்தது. பதினோரு வருஷமாகக் காய்வது. அவளுடையது வெறும் பைன்.

"பேசாம படு. இந்தப் பனியில உன்னைத் தூக்க எவன் வருவான்?"

"போதும்டி. அலுத்துப் போச்சு."

"எனக்கு மட்டும் அலுக்கலியா?"

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. ரம்பத்தோடு பரணேறினாள். முதலில் தன் பைனில்தான் கைவைத்தாள். ஆனால் பைன் பொசுக்கென்று எரிந்துவிடும். ஓக் நின்று எரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மனதில் பட்டதும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓக்கை அறுத்தாள்.

அடுப்புச் சுவர் சூடேறியது. கெரசிம் மோந்து பார்த்தான்.

"இது ஓக்கு வாசனை."

"ஆமா."

"பாவி மவளே, என் பெட்டியையா எரிக்கிற?"

"மூணு பலகைதான். மிச்சம் நாளைக்கு."

அவன் முழங்கையை ஊன்றி எழுந்தேவிட்டான். "அப்ப என்னை எதுல வச்சுப் பொதைப்ப?"

"பொதைக்கிறதா இல்ல. பனி விட்டதும் போய் வேற மரம் வெட்டு. இழைச்சு, பதினோரு வருஷம் காயப்போடு. அப்புறம் பாக்கலாம்."

"அதுக்குள்ள எனக்குத் தொண்ணூறு ஆயிடும்டி."

"ஆகட்டும்" என்றாள் பராஸ்கா, அடுத்த துண்டை உள்ளே தள்ளியபடி.