அக்காவுக்குப் போன இரண்டாம் வடிவம்

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் லாஞ்ச். எங்களோடு ஒரே அலுவலகத்தில் ஒழுங்காக வேலை பார்த்தவன், திடீரென்று அதை உதறிவிட்டு, வீட்டின் பின்னறையில் மேசை போட்டு, 'நிறுவனர்' என்று அட்டை அடித்துக்கொண்டான். அந்த நிறுவனத்தில் அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ஆப், செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் ஆப் என்று எதையாவது 'லாஞ்ச்' என்று சொல்லி வெளியிட்டுக்கொண்டே இருப்பான். நண்பர்கள் நாங்கள் 'சூப்பர்' என்று போட்ட கையோடு ஆப்பை அழித்துவிடுவோம். "மார்க்கெட் இன்னும் ரெடியாகல," என்பான். பல் மருத்துவரான அவன் மனைவிதான் வீட்டை ஓட்டினாள்.

அடுத்து வந்தது 'பாசம்'. நம் பெயரில் சொந்தக்காரர்களுக்குத் தானாகவே அன்பான செய்திகள் அனுப்பும்.

"இதுல என்னடா பாசம் இருக்கு?" என்று கேட்டேன்.

"வாங்கறவங்களுக்கு இருக்கும்ல," என்றான்.

சோதனைக்குத் தன் குடும்பத்தையே எடுத்துக்கொண்டான். பாதிப் பேருக்கு 'நலமா?' என்று ஒரு வரி. மீதிப் பேருக்கு இரண்டாம் வடிவம்: 'உன் ஞாபகமாவே இருக்கு. எதுன்னாலும் கிளம்பி வந்துடு. நான் இருக்கேன்.' எதற்கு அதிகம் பதில் வருகிறது என்று பார்ப்பது திட்டம். யாருக்கு எது போனது என்றுகூட இந்தப் புண்ணியவான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவன் வீட்டில் அவனோடும் அவன் மனைவியோடும் உட்கார்ந்திருந்தபோது மணி அடித்தது. வாசலில் அவன் அக்கா, பெரிய பெட்டியோடு. கை நீட்டும் புருஷனோடு வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தவள்.

"நீ கூப்பிட்டியேடா தம்பி," என்றாள். "அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நமக்கும் ஒரு ஆள் இருக்கான்னு தைரியம் வந்துச்சு. கிளம்பிட்டேன்."

லாஞ்ச் திருதிருவென்று விழித்தான். பிறகு முகம் மலர்ந்தது. தம்பி மனசு இளகிவிட்டது என்று நான் ஏமாந்தேன்.

"அப்ப உனக்கு ரெண்டாவது வெர்ஷனா வந்துச்சு?" என்றான். அக்காவை உட்கார வைத்து, 'பாசம்' எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டான். "எந்த வார்த்தை உன்னைக் கிளம்ப வச்சுது, சொல்லேன்? ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும்."

அக்கா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. மெஷின் சொன்னது போகட்டும். இப்ப நீ உன் வாயால ஒரு தடவை சொல்லு, வான்னு."

அவன் தலையைச் சொறிந்தான். "அதில்லக்கா... ரெண்டு நாள்னா பிரச்சினையில்ல. பின்ரூம் என் ஆபீஸ் பாரு..."

அவன் மனைவி எழுந்து நேராகப் பின்னறைக்குப் போய், கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். "அண்ணா, இந்த மேஜையை ஒரு பக்கம் பிடிங்க," என்றாள் என்னிடம். மேசையைத் துணி காயப்போடும் பால்கனிக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். "அண்ணி, இதுதான் உங்க ரூம். நான் சொல்றேன், இருங்க."

ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நிறுவனர் 'பாசத்தை' வெளியிட்டார். அதன் இணையதள முதல் பக்கத்தில் ஜன்னலோரம் நிற்கும் அக்காவின் முதுகுப் படம். கீழே, 'பாசத்தால் வீடு திரும்பிய ஒரு சகோதரி.' முகம் தெரியாதவர்கள் கைதட்டிக் குவித்தார்கள். ஆப்பை வாங்கத்தான் ஆளில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எடுத்துடு," என்றாள்.

"அதைத்தான்க்கா எல்லாரும் ஷேர் பண்றாங்க."

வெட்கம் என்பதையும் அவன் எங்கோ அழித்துவிட்டிருந்தான். அவன் மனைவி பாஸ்வேர்டு கேட்டாள். அவள் நின்ற தோரணையைப் பார்த்துக் கொடுத்துவிட்டான். படத்தோடு பக்கமே போனது. அக்கா மறுபடி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஓர் அச்சகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டாள். குடிபோன அன்று நானும் அவன் மனைவியும் கட்டிலை மாடிக்குத் தூக்குவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. அவன் வரவில்லை. முதலீட்டாளர் ஒருவரோடு பேச்சு இருக்கிறதாம்.

அக்கா கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கியிருந்தாள். ஒரு சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவன் மனைவியின் கையில் வைத்தாள்.