கிரிவலம் போன வீட்டின் வரி

சொத்து வரியைத் திருத்திய வருடம், ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்த புகழேந்தியின் வீடு நாற்பது அடி நகர்ந்து நின்றது. அன்று உழவர் சந்தையில் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய், கத்தரிக்காய் முப்பது. வீடு நகர்ந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. காலையில் பால் வாங்கியபோது பழைய இடத்தில் இருந்தது. சாயங்காலம் விளக்கு போட்டபோது பக்கத்து சைக்கிள் கடையைத் தாண்டியிருந்தது. மறுநாளும் நாற்பது அடி. கிரிவலம் போகிறவர்களைப் போலவே மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, ரோட்டின் இடது ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரில் பிறந்தும் ஒரு தரம்கூட மலையைச் சுற்றாத மனிதர் புகழேந்தி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி இல்லை என்பதில் உறுதியானவர், அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகத் தயங்காதவர். அவர் மனைவி வள்ளி கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஒரே ஒரு ஆசையோடு வந்தாள், மலையை ஒருமுறை நடந்து சுற்றிவர வேண்டும் என்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கேட்பாள். "கல்லைச் சுத்தினா கால்தான் தேயும் வள்ளி, படுத்துத் தூங்கு" என்பார். இருபது வருடம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். லட்சக்கணக்கான ஜனங்கள் வாசலைத் தாண்டிப் போக, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். ஐம்பத்தெட்டாவது வயதில் பக்கவாதம் வந்து கால்கள் இரண்டும் போயின, பேச்சும் நாலைந்து வார்த்தையாகச் சுருங்கிவிட்டது.

சக்கர நாற்காலி குளியலறையில் திரும்பவில்லை. புகழேந்தி பின் சுவரை இடித்துப் பத்துச் சதுர அடி தள்ளிக் கட்டினார். கட்டியதில் வீடு ஆயிரத்து இருநூற்றுப் பத்து சதுர அடி ஆனது. புதிய வரியிலோ ஆயிரத்து இருநூறைத் தாண்டினால் ஏற்றம் ஜாஸ்தி. பென்ஷன் பணம் மருந்துக்கும் மாத்திரைக்கும் போக, அந்த வரியைக் கட்ட வழியில்லை. அந்தப் பத்து அடியை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள் என்று மனு எழுதி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் வரிசையில் நான்கு முறை நின்றார். மரியாதையான பதில் ஒன்று தபாலில் வந்தது. சலுகைக்கு விதியில் இடமில்லை, வீடு அமைந்துள்ள இடத்தையும் பரப்பளவையும் வைத்தே வரி. புகழேந்தி அதை வள்ளிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "எடத்த வெச்சித்தான் வரியாம். வீட்டத் தூக்கினு வேற எடத்துக்கா போவ முடியும்?" என்று கடிதத்தைக் கசக்கி எறிந்தார். அதற்கு மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

எதுவும் பழகிவிடும். பழைய சகாக்களின் தயவில் பத்து நாளைக்கு ஒருமுறை கம்பத்துக்குக் கம்பம் மின் இணைப்பை மாற்றிக்கொண்டார் புகழேந்தி. தண்ணீர் கேனில் வந்தது. பௌர்ணமிக்கு நடப்பவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். வரி வசூலிக்கும் பெண் கீர்த்தனா அரையாண்டுக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் வீட்டைத் தேடிப் பிடித்து, நின்ற இடத்துக்கு உரிய வரியை எழுதிக்கொடுத்தாள். ஊரை விட்டு விலக விலக வரி இறங்கியது. இரண்டாம் வருடக் கடைசியில் வீடு அடி அண்ணாமலைக்கு வந்தபோது, வருட வரி ஒரு வாரத்து மாத்திரைச் செலவுக்குள் அடங்கிவிட்டது. நாலு மனுவில் கிடைக்காதது நாற்பது நாற்பது அடியாகக் கிடைத்துவிட்டதே என்று புகழேந்தி அன்றைக்குச் சிரித்தார். இனி நகரக் கூடாது என்று தீர்மானித்து, மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பியை நான்கு மூலையிலும் முடுக்கிப் பூமியில் இறக்கினார். கட்டியது லைன்மேன் அல்லவா, வீடு நின்றுவிட்டது.

வள்ளிதான் ஒத்துக்கொள்ளவில்லை. செங்கம் ரோட்டில் இருந்தவரை அவள் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். வீடு கிளம்பிய நாளிலிருந்து அங்கே மலை இருந்தது, தினமும் கொஞ்சம் வேறு முகம் காட்டிக்கொண்டு. இப்போது அதே பாறை, அதே சரிவு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சியை வாயில் வைத்தால் வழியவிட்டாள். பன்னிரண்டாம் நாள் சுவரில் ஜன்னலிலிருந்து தரைவரை விரிசல் விட்டது. அன்று வாயைத் திறந்தாள்.

"அவுத்து வுடு."

அத்தனை வருடத்தில் அவரிடம் அவள் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. "அவுத்துவுட்டா திரும்ப டவுனுக்குத்தான் போவும். அதே வரி. மருந்துக்கு நான் எங்க போவட்டும், சொல்லு" என்றார் புகழேந்தி.

"மீதி கீதே" என்றாள் வள்ளி, ஜன்னலில் மலையைப் பார்த்து.

அவர் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். இருபது வருடப் பௌர்ணமிகளைக் கணக்குப் பார்த்தார் போலிருக்கிறது. பக்தி ஒன்றும் வந்துவிடவில்லை, வெட்கம் வந்தது. வெட்கத்தில் அழுதார். பொழுது சாய்வதற்குள் கட்டிங் பிளேயரை எடுத்து நான்கு கம்பிகளையும் அறுத்துவிட்டார்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு ரசீதும் முந்தியதைவிடக் கனமாக வந்தது. மோதிரம் போனது, பீரோ போனது. ஈசான்ய லிங்கத்தைத் தாண்டி, பழைய இடத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் நடையே பாக்கி என்றிருந்தபோது, ஒரு புரட்டாசிக் காலையில் வள்ளி ஜன்னலோரத்து நாற்காலியில் இறந்துபோனாள். கண் மலையின் மேல் இருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டை நாற்பது அடி தள்ளித்தான் கண்டுபிடித்தார்கள். அது துக்கத்துக்கும் நிற்கவில்லை.

ஐப்பசியில் வீடு பழைய அஸ்திவாரத்தில் வந்து உட்கார்ந்தது. காலி மனையில் துணி காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி அதற்கு முந்தின நாளே கொடியை அவிழ்த்து வைத்திருந்தாள். "கடைசில நீயும் சுத்திட்டியேப்பா" என்றார் சைக்கிள் கடைக்காரர். "நான் எங்க சுத்தினேன்? வீட்டுல உக்காந்துனு இருந்தேன்" என்றார் புகழேந்தி.

கீர்த்தனா டேப்போடு வந்து அளந்தாள். இரண்டாம் தரமும் அளந்தாள். வீடு ஆயிரத்து இருநூறு சதுர அடிதான் இருந்தது. பின்பக்கம், அவர் தள்ளிக் கட்டிய குளியலறைச் சுவர், பழைய செருப்பின் குதிகால் மாதிரி தேய்ந்து உள்ளே வந்திருந்தது. இனி அங்கே சக்கர நாற்காலி திரும்பாது.

"நீங்க கேட்ட மாதிரியே பத்தடி கம்மியாயிடுச்சுங்க ஐயா. இனிமே உங்களுக்கு கம்மி வரிதான்" என்றாள் கீர்த்தனா.

புகழேந்தி அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "அது அவ நடந்து தேஞ்சதும்மா. கழிக்காத. சேத்தே எழுது."

அந்தப் பெண் பதிவேட்டை விரித்தாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்றுவரை பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அரையாண்டு பிறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் புகழேந்திதான். இல்லாத பத்துச் சதுர அடிக்கும் சேர்த்து வரியைக் கட்டிவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரோட்டின் இடது ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வருகிறார்.