முழங்கால் நீர்

ஊசிக்குழாயில் சிவப்பு ஏறியது. நான் டாக்டர் உஷாராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் என் மனைவி புனிதாவின் நெஞ்சிலிருந்து நீர் எடுத்தபோது பழகியது இது. முதலில் மஞ்சளாக வந்தது. அந்த டாக்டர் என்னோடு பேசினார். பிறகு சிவப்பாக வந்தது. அதற்குப் பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் அவளது சவப்பெட்டியை மூடும்வரை, புற்றுநோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நிறங்கள்தான்.

இப்போது கட்டிலில் எங்கள் மகள் ஷெர்லி. நேற்று பள்ளிக்கூடப் படிக்கட்டில், கடைசிப் படியில் தடுக்கி விழுந்தாள். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மாலைக்குள் முழங்கால் பப்பாளிபோல வீங்கிவிட்டது.

“அப்பா, ஆயர் சிரப் கலர் லா,” என்றாள், கடைகளில் விற்கும் சிவப்பு ரோஸ் சர்பத்தைச் சொல்லி. “ஐஸ் போட்டு விக்கலாம்.”

டாக்டர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

இரத்தத்தைத் தட்டில் விட்டு, விளக்கை இழுத்துக் குனிந்தார்.

“டாக்டர், இவ அம்மாவுக்கும் இப்படித்தான்... கேன்சர்.”

“மிஸ்டர் மார்வின், இங்க வந்து பாருங்க.”

இரத்தத்தின்மேல் மஞ்சளாக, கறிக்குழம்பில் மிதக்கும் எண்ணெய்போலத் துளிகள்.

“கொழுப்பு. எலும்புக்குள்ள இருக்கிறது. எலும்பு விரிசல் விட்டா மூட்டுக்குள்ள கசியும். எக்ஸ்ரேல தெரியாம போயிருக்கு.”

“ஒடைஞ்சிருக்கு. அவ்ளோதானே?”

என் குரலில் சந்தோஷம் இருந்தது. ஷெர்லி திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, என் கால்ப்பா.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “சின்னதா விழுந்ததுதான். இவ்ளோ லேசா ஏன் விரிசல் விட்டுச்சுன்னு பார்க்கணும். ஸ்கேன் எடுத்துடலாம்.” என் முகத்தைப் பார்க்காமல், கையுறையிடம்தான் சொன்னார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை நிற்கச் சொன்னார்கள். “மூச்சுகூட மெதுவா விடு கேர்ள், ஆடினா படம் கெட்டுடும்,” என்று அவளிடம் சொல்லிவிட்டு டெக்னீஷியன் வந்து உட்கார்ந்தார். ஷெர்லி கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்களை மூடினாள். வாயாடிப் பெண். இவ்வளவு அசையாமல் அவளால் கிடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இங்கிருந்து தெரியவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன்.

“பாஸ், தட்டாதீங்க லா. திரும்பி எடுக்கணும் அப்புறம்.”

அவள் அசையவில்லை. மறுபடியும் தட்டினேன்.