தனபாலன் போட்ட பத்து நிமிடம்

“மஞ்சள் காட்டுனா எச்சரிக்கைதான் அண்ணே! வெளிய அனுப்ப இது என்ன ரக்பியா?” என்று பல்லேகல அணித் தலைவன் திலக்ஷன் கத்திய கத்தலில், வேலிக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“பத்து நிமிஷம்! போய் உட்காரு!” நடுவர் தனபாலனின் குரல் அதற்கும் ஒரு படி மேலே நின்றது.

பிழை தனபாலன் பக்கம்தான். மாநகர சபை எழுதுவினைஞரான அவர் சனிக்கிழமை தவறாமல் ரக்பி பார்ப்பவர். மஞ்சள் அட்டை என்றால் பத்து நிமிடம் வெளியே என்பது அவர் இரத்தத்தில் ஊறியிருந்தது. கண்டிக்காரர்களுக்கு இந்த ரக்பிப் பைத்தியம் வழக்கமான வியாதிதான். புட்பால் சட்டத்தை ஒருதரம் புரட்டியிருக்கலாம். ஆனால் புதுக் காற்சட்டை தைக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

ஆறு வருடம் கெஞ்சிக் கிடைத்த நடுவர் வேலை இது. போன வருட இறுதியாட்டம் அடிதடியில் முடிந்ததால், சங்கச் செயலாளர் இராமகிருஷ்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார்: “இந்தத் தடவையும் கைகலப்பு வந்துச்சுன்னா புத்தாண்டுப் போட்டியே கிடையாது. நீங்களும் இனி நடுவர் கிடையாது.” இப்போது அட்டையைத் திரும்ப எடுத்தால் எதிரணித் தெல்தெனியக்காரர்கள் பாய்வார்கள், எடுக்காவிட்டால் பல்லேகலக்காரர்கள். எடுக்காமல் நிற்பதே கௌரவம் என்று தனபாலனுக்குப் பட்டது.

மனைவி சுந்தரி தோடம்பழச் சாறு ஊற்றிக்கொண்டிருந்த மரத்தடி வாங்கே, வெளியே அனுப்பப்பட்டவர்கள் உட்காரும் தண்டனைப் பெட்டியாயிற்று. நேரம் பார்க்க மகள் நிரோஷினி, கைபேசியோடு. பாடசாலையில் ஹொக்கி ஆடியவள்.

“அப்பா, ஹொக்கியிலதான் மஞ்சளுக்கு அஞ்சு நிமிஷம், பச்சைக்கு ரெண்டு. புட்பால்ல மஞ்சளுக்கு யாரும் வெளிய போறதில்ல,” என்று காதோடு சொன்னாள்.

“நீயும் வெளிய போகணுமா?”

“நான் வெளியதானே இருக்கேன்!”

திலக்ஷன் நின்றபடியே ஐந்து நிமிடம் வாதாடினான். “நீங்க உட்கார்ந்த பிறகுதான் நான் எண்ணத் தொடங்குவேன்,” என்று நிரோஷினி சொன்ன பிறகே உட்கார்ந்தான். அதைப் பார்த்துக் கைதட்டிய தெல்தெனியத் தலைவன் ரவிகுமாருக்கும் ஒரு மஞ்சள். ஏன் என்று கேட்டவனுக்கு ஒன்று. கேட்டவனைப் பார்த்துச் சிரித்தவனுக்கு இன்னொன்று. இரண்டு பக்கத்துக்கும் சமமாகச் செய்தால் யாரும் பேச முடியாதல்லவா? இப்படியே அட்டைகள் பறந்ததில், ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் களத்தில் மிச்சம் இரண்டு கோல் கீப்பர்களும் தெல்தெனியாவின் ஒரேயொரு ஆட்டக்காரனும்தான்.

வாங்கிலோ நெரிசல். போன வருடம் ஒருவன் சட்டையை ஒருவன் கிழித்தவர்கள், இப்போது இடம் போதாமல் தோளோடு தோள் ஒட்டியிருந்தார்கள்.

“அக்கா, இன்னொரு கிளாஸ்,” என்றான் ரவிகுமார்.

“விளையாட வராட்டியும் குடிக்க நல்லா வருது ஒங்களுக்கு,” என்று சுந்தரி ஊற்றினாள்.

அந்த நேரம் பல்லேகல கீப்பர் ஜெயராஜ் உதைத்த பந்து நீளமாகப் போய் விழ, தெல்தெனியாவின் அந்த ஒற்றை ஆள் தங்கள் கோலுக்கு முன்னால் நின்று அதைக் கையால் தட்டிவிட்டான். விசில். பெனல்டி. வழக்கப்படி ஒரு மஞ்சளும்.

திலக்ஷன் துள்ளி எழுந்தான். “நான் அடிக்கிறேன்!”

“உட்காருங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

“ஜெயராஜுக்கு அடிக்கத் தெரியாது நிரோ, ப்ளீஸ்!”

அந்த ‘நிரோ’வை மைதானமே குறித்துக்கொண்டது. நிரோஷினி கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. வேறு ஆளில்லாததால், கையுறையைக்கூடக் கழற்றாமல் மைதானத்தின் முழு நீளத்தையும் ஜெயராஜ் நடந்தே கடந்து வந்தான். வாங்கில் இருந்த இரண்டு அணியும் சேர்ந்து தாளம் போட்டது. தெல்தெனிய கீப்பர் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் பாய, பந்து வலப்பக்கம் உருண்டு உள்ளே போனது, ஆட்டத்தின் ஒரே கோலாக.

கடைசி விசிலுக்குத் தனபாலன் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழும் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், திலக்ஷனும் ரவிகுமாரும் யார் கிளாஸ் யாருடையது என்றுதான் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த வருஷமும் நீங்கதான்,” என்றார் இராமகிருஷ்ணன். “சட்டமும் இதுதான். பத்து நிமிஷம்.”

திலக்ஷனுக்கும் நிரோஷினிக்கும் கல்யாணம் என்று ஊர் அன்றைக்கே பேசி முடித்துவிட்டது. ஊர் என்றைக்குச் சரியாகச் சொன்னது? அடுத்த ஆவணியில் அவள் ஜெயராஜைக் கட்டிக்கொண்டு கலகெதரைக்குக் குடிபோனாள். திலக்ஷன் வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட்டான். அவனை விமான நிலையம்வரை கொண்டுபோய் விட்டது ரவிகுமார்தான்.