மைதானம் நலம்

காலை ஏழு மணித் தந்திக்கு அவன் இரண்டே சொற்கள் எழுதிக் கொடுத்தான்: "மைதானம் நலம்." அது பொய்.

ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலமாகக் கிடந்ததைச் சமன்செய்து, விமானத் தபால் இறங்கும் மைதானமாக்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை, நாலு பீப்பாய் பெட்ரோல், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள அவன். அந்தத் துணிப்பையை நாளுக்குப் பத்துத் தடவை அண்ணாந்து பார்க்கிறானே என்று ஊரார் அவனுக்கே காற்றுப்பை என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் கோபப்பட்டான், பிறகு அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

மழை தொடங்கியதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் இரண்டு முறை "இறங்க வேண்டாம்" என்று தந்தி கொடுத்தாயிற்று. மூன்றாவது முறை கொடுத்தால் மைதானத்தை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. விடிந்ததும் குறுக்கும் நெடுக்கும் நடந்து தரையைப் பார்ப்பது அவன் வழக்கம். அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. நடந்தால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தால் எழுத வேண்டிவரும்.

பத்து மணிக்கு மனசு கேட்காமல் கடப்பாரையோடு இறங்கினான். தெற்கு ஓரத்தில் லேசாக ஊன்றினான். ஒரு முழம் உள்ளே போயிற்று. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி அலுவலகத்துக்குப் பறந்தான்.

தந்திக்காரர் தலையைத் தூக்கவில்லை. "வண்டி கிளம்பி அரை மணி ஆச்சு."

"திரும்பச் சொல்லுங்க சார்!"

"யார்கிட்ட சொல்லட்டும்? மேகத்துக்கிட்டயா? வானத்துல தந்திக் கம்பி இல்லப்பா."

"சரி, நான் இறங்காதன்னு துணி விரிச்சிடறேன். அடுத்த ஊருக்குப் போகட்டும்."

தந்திக்காரர் மேஜையிலிருந்த தாளை அவன் பக்கம் தள்ளினார். அடுத்த ஊரில் கைக்கெட்டும் தூரம் தெரியாத மூடுபனி. திரும்பிப் போகவும் பெட்ரோல் போதாது.

"யாரு ஓட்டிட்டு வர்றது?" என்று கேட்டான். அன்றைக்கு வயதான விமானியின் முறை.

"அவருக்குக் காய்ச்சலாம். உன் மாப்பிள்ளைதான் வர்றாரு."

மாப்பிள்ளை என்றால் கூடப் பிறந்த ஒரே தங்கையின் புருஷன். பெண் பார்த்துப் பேசி முடித்ததே அவன்தான்.

சைக்கிளைத் தங்கை வீட்டுக்குத் திருப்பினான். அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள், கொடியிலிருந்த வெள்ளை விரிப்புகளையெல்லாம் உருவி அள்ளிக்கொண்டு தெருவில் ஓடினாள். தந்திக்காரரும் அலுவலகத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்.

எங்கே தரை கெட்டியாக இருக்கிறதோ அங்கே இரண்டு பக்கமும் விரிப்பு போட்டு வழி காட்டினால் அதற்குள் இறங்கிவிடலாம். அது ஒன்றுதான் வழி. அவன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டே முன்னால் போனான். கெட்டி, கெட்டி, சேறு. திரும்பு. கெட்டி, சேறு. வடக்கு மேட்டில் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு கிடைத்தது. காலால் அளந்தான். இருநூற்று நாற்பது அடி வைத்ததும் கால் புதைந்தது. முந்நூறு அடியாவது இருந்தால்தான் வண்டி நிற்கும்.

தங்கை விரிப்பின் முனைகளில் கல் வைத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணா, காலையில நடந்து பாத்தியா இல்லையா?"

அவன் கடப்பாரையை மறுபடியும் ஊன்றினான்.

"வேற யாராவது வந்தா பரவாயில்லன்னு இருந்துட்டியா?"

அப்படித்தான் இருந்திருக்கிறான். அந்த வயதான விமானிக்கும் வீட்டில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருப்பாள் என்று அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அப்போது சத்தம் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து விமானம் தாழ்ந்து வந்தது. ஒரு சுற்று சுற்றியது. தந்திக்காரர் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை காட்டினார். அவன் விரிப்புகளின் கடைக்கோடியில் நின்று, இதற்கு மேல் வராதே, வராதே என்று இரண்டு கையையும் வீசிக் கத்தினான். அந்த இரைச்சலில் அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை.

மாப்பிள்ளை கெட்டிக்காரன். முதல் விரிப்பிலேயே சக்கரத்தைப் பதித்தான். நூறு அடி, இருநூறு அடி நேராக ஓடி வந்தான். வேகம் குறைந்துகொண்டே வந்தது. நின்றுவிடும் என்று தங்கை சத்தமாகச் சொன்னாள். கடைசி விரிப்பைத் தாண்டியதும் இடது சக்கரம் சேற்றில் சிக்கியது. வால் மேலே எழும்பி வண்டி குப்புற விழுந்தது.

பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. அவன் கையாலேயே மண்ணைத் தோண்டினான். நகம் பிய்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. மூன்று பேருமாக இழுத்து வெளியே போட்டபோது மாப்பிள்ளைக்கு உயிர் இருந்தது. வலது கால் மட்டும் கால் மாதிரியே இல்லை. தபால் பைகள் ஒரு கடிதம்கூட நனையாமல் பிழைத்தன.

நாலாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நான்தான் வேகமா வந்துட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தான். தந்திக்காரர் இவனைத் தனியே அழைத்துப்போய்க் காதோடு சொன்னார்: "அந்தக் காலைத் தந்தி நகல் தொலஞ்சு போச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

"தொலைக்காதீங்க சார்" என்றான் அவன். உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். அன்று மாலையே வேலை போயிற்று. அடுத்த மாதம் மைதானத்தை மூடினார்கள். ஊர்த் தபால் பழையபடி ரயிலில் வர ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் கால் அதற்குப் பிறகு முழங்காலில் மடங்கவே இல்லை. வேறு ஊரில் தபால் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். அவர்கள் புறப்படும் நாளில் இவன் டிரங்குப் பெட்டியைச் சுமந்து ரயிலில் ஏற்றினான். மாப்பிள்ளை ஜன்னல் வழியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மச்சான், நடந்தது நடந்துபோச்சு" என்றான். தங்கை எதிர்ப் பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. வீடு சௌகரியம், வேலை பழகிவிட்டது என்று எழுதியிருந்தான். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டு இவன் பதில் போட்டான். பிறகும் கடிதங்கள் ஒழுங்காகத்தான் வந்தன. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.