முதலில் ஓடுகிறவன்

விஜயேந்திரனை அணியிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதியபோது பதினோரு காரணங்கள் கொடுத்தேன். பதினொன்றும் உண்மை.

அணியின் பெயர் நானாஸ் வேங்கைகள். ஜோகூரில் பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசித் தோட்டத்து ஆட்கள் ஆரம்பித்த ஹாக்கி கிளப். இப்போது ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ஸ்கூடாயில் குடியிருக்கிறார்கள். அன்னாசியை ஜெர்சியில் மட்டும்தான் பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு லீக்கில் எட்டு அணிகள். எட்டாவது அணி பாதியில் விலகிக்கொண்டது. நாங்கள் ஏழாவது.

நாங்கள் என்கிறேனே தவிர, நான் ஆடுகிறவன் இல்லை. செனாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். சர்க்கியூட் போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. இடைவேளையில் போனில் ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பேன். ஒரே ஆட்டத்தை மூன்று தடவை, நான்கு தடவை. யார் எத்தனை பந்தைத் தொலைத்தார்கள், எத்தனை பாஸ் சரியாகப் போனது, எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அட்டவணையாகப் போடுவேன். அங்கே எனக்குப் பெயர் புரொஃபசர். ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தை மூன்றாவது செமஸ்டரில் விட்டு வந்தவன் என்பதால் வைத்த பெயர்.

இந்த ஆண்டு லீக்கில் ஒரு புது விதி வந்தது. இருபத்திரண்டு பேர் இருந்த பட்டியலைப் பதினெட்டாகக் குறைக்க வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் இரண்டு பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். மேனேஜர் கனகசுந்தரம், அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழுவில் கேட்டார்: "யார் இருக்கணும், யார் போகணும்? உங்க கருத்த எழுதுங்க."

ஆட்டம் பார்க்க என் பக்கத்தில் உட்காரும் பிரேமலா அக்கா எழுதியது ஒரே வரி: "கோல்கீப்பருக்கு மொதல்ல கண்ணாடி வாங்கிக் கொடுங்க." நான் நான்கு பக்கம் எழுதி மேனேஜருக்குத் தனியாக அனுப்பினேன். கீழே இருபத்திரண்டு பெயர்கள், குறுக்கே பதினோரு கட்டங்கள். விஜயேந்திரன்: வயது முப்பத்தொன்று. கோல் பூஜ்யம். இரண்டாம் பாதியில் வேகம் குறைகிறது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு பந்துகளைத் தொலைக்கிறான். சிங்கப்பூர் வேலையிலிருந்து திரும்பும்போது எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒன்பது பயிற்சிகளுக்கு வரவில்லை. அவன் இடத்துக்கு ஹஃபிஸ் என்ற பல்கலைக்கழக மாணவனைச் சிபாரிசு செய்தேன். இருபத்திரண்டு வயது. நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன்.

பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அது பெனால்டி கார்னர் கட்டம். எதிரணியில் ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளுவான். வட்டத்தின் விளிம்பில் நிற்கிறவன் அதை ஸ்டிக்கில் இழுத்து வீசுவான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். நம் பக்கம் கோல்கீப்பரோடு நான்கு பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்து தள்ளப்பட்டதும் அந்த நால்வரில் ஒருவன் வீசுகிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். முகமூடியும் முட்டிக் கவசமும் போட்டிருப்பான். பந்தைப் பிடிப்பது அவன் வேலை இல்லை. பந்தின் வழியில் இருப்பதுதான் வேலை. அவன் ஓடியதால் விழாமல் போன கோலை யாரும் எழுதி வைப்பதில்லை.

நான் எழுதி வைத்திருந்தேன். சென்ற ஆண்டு விஜயேந்திரன் முதலில் ஓடிய பத்து ஆட்டங்களில் எதிரணிகளுக்கு முப்பத்து நான்கு கார்னர், ஐந்து கோல். காயத்தால் அவன் ஆடாத இரண்டு ஆட்டங்களில் எட்டு கார்னர், ஐந்து கோல்.

இதை எண்ணத் தோன்றியது எனக்கு மட்டும்தான். காரணம், அவனுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவன் நான்.

பதினேழு வயதில் நாங்கள் இருவரும் மாநிலப் பள்ளி அணியில் ஆடினோம். முதலில் ஓடுகிறவன் நான். எனக்குப் பின்னால் கோல் கோட்டில் விஜயேந்திரன். ஈப்போவில் இறுதி ஆட்டம். கார்னர் தள்ளப்பட்டது, ஓடினேன், எதிரே நின்றவன் வீசும் நொடியில் உடம்பைத் திருப்பிவிட்டேன். நான் இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாகப் பந்து போய் வலையில் விழுந்தது. டர்ஃப் ஈரமாக இருந்ததால் வழுக்கிவிட்டது என்று கோச் நினைத்தார். பின்னால் நின்றவனுக்குத் தெரியும். அடுத்த கார்னருக்கு அவன் என் தோளைத் தொட்டு, "நான் போறேன்டா" என்றான். போனான். பந்து அவன் முட்டியில் பட்டு வெளியே போயிற்று. நொண்டிக்கொண்டே எழுந்தான். அன்றிலிருந்து அந்த இடம் அவனுடையது. அதன் பிறகு நான் ஸ்டிக்கைத் தொடவில்லை.

அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். பதினான்கு வருடமாக எங்கே பார்த்தாலும், "செல்வம், சாப்பிட்டியா?" என்று கேட்கிறான்.

அட்டவணை அனுப்பிய மூன்றாம் நாள் காலை, ஷிஃப்ட் முடிந்து வந்தபோது கனகசுந்தரம் அங்கிள் ஸ்கூடாயில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக் கடைக்கு வரச் சொன்னார். நான்கு பக்கத்தையும் அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"தம்பி, இந்த மாதிரி யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்ல. கோச்சே இப்படிப் பாக்கறதில்ல லா."

"சும்மா பொழுதுபோக்குக்குத்தான் அங்கிள்."

"விஜயேந்திரன எடுக்கறதுக்கு எனக்கு மனசு வரல. எட்டு வருஷம் ஆடியிருக்கான். ஆனா நீ போட்ட கணக்கப் பாத்தா வேற வழி தெரியல." ரொட்டி சானாயைப் பிய்த்தபடி என்னைப் பார்த்தார். "எல்லாம் பாத்துட்டேதானே? எதுவும் விட்டுப்போகலயே?"

"இல்ல அங்கிள்."

"ஷுவரா?"

"ஷுவர்."

பதினெட்டுப் பெயர்கள் வெளியானபோது அவன் பெயர் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை நன்றாகத் தூங்கினேன்.

முதல் ஆட்டம் ஜோகூர் பாருவில், ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. துத்தநாகக் கூரைக்குக் கீழே, நடுக்கோட்டுக்கு நேராக, நான்காவது வரிசையில் என் இடம். பக்கத்தில் பிரேமலா அக்கா, வீட்டில் பொரித்த கறிபாப் டப்பாவோடு. அவர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கேட்பார்கள். ஐந்து வருடமாக அப்படித்தான். வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் யாராவது என்னைக் கேள்வி கேட்கும் நேரம்.

அங்கே ஒருவன் மஞ்சள் ஜெர்சியோடு படியேறி வந்தான்.

"செல்வம், தள்ளி உக்காருடா. ஆடத்தான் விடல, பாக்கவாச்சும் விடுங்க."

"அலமாக், விஜய்!" பிரேமலா அக்கா டப்பாவைத் திறந்தார். "வா வா. உன்னப் போய் தூக்கிட்டாங்களே. எவன்டா அந்த லிஸ்ட்டப் போட்டது?"

"யாரோ விவரமான ஆளு அக்கா" என்றான் விஜயேந்திரன். என்னைப் பார்க்கவில்லை. கறிபாப்பை எடுத்துக் கடித்தான்.

ஹஃபிஸ் நன்றாக ஆடினான். நடுவில் பந்தை வாங்கி இரண்டு பேரைத் தாண்டினான். நான் சொன்னேன், "பாத்தீங்களா அக்கா, போன வருஷம் இந்த வேகம் இல்ல." யாரும் கேட்கவில்லை. எல்லோரும் விஜயேந்திரன் பக்கம் திரும்பியிருந்தார்கள். எதிரணிக்குக் கார்னர் கிடைத்திருந்தது.

"இது உள்ள போயிரும்" என்றான் அவன்.

"எப்படித் தெரியும்?"

"ஹஃபிஸ் கால வச்சிருக்கறதப் பாருங்க. அரை அடி லேட்டாக் கெளம்புவான்."

உள்ளே போயிற்று. அடுத்த கார்னரும் போயிற்று. இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் அவனைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். நான் நோட்டை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன்.

அடுத்த வாரம் முன் வரிசைக்காரர்கள் அவனைக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு அடுத்த வாரம் கறிபாப் முதலில் அவனுக்கு, மிச்சம் எனக்கு. வாட்ஸ்அப் குழுவில் அவன் நாற்பது விநாடி நீளத்தில் ஒரு குரல் பதிவு போட்டான், பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே. ஐம்பது பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். அதே நாள் நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து தயாரித்த அட்டவணைக்கு மூன்று விரல்கள். அதில் ஒன்று பிரேமலா அக்காவுடையது. பரிதாபப்பட்டுப் போட்டிருப்பார்.

அவன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. நான் நான்கு தடவை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவன் கறிபாப் தின்றபடி ஒரே பார்வையில் பிடித்தான். உள்ளே நின்று ஆடியவனுக்குத் தெரிவது வேறு. நானும் உள்ளே நின்றவன்தான், ஒரு நொடி குறைய.

ஐந்தாவது ஆட்டத்தில் மழை பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிரேமலா அக்கா கழிவறைக்குப் போயிருந்தார். அப்போதுதான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான்.

"ஒன் டேபிள அங்கிள் எனக்குக் காட்டினாரு."

நான் நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

"நல்லா இருந்துச்சுடா. எல்லாம் கரெக்ட். ஒன்னுதான் இல்ல."

"அத அங்கிள்கிட்ட நீயே சொல்லியிருக்கலாமே."

"நானே போய், அங்கிள், நான் இவ்ளோ தடுத்தேன்னு சொல்லவா? வெக்கமா இருக்கு லா." கூரையில் மழை கத்தியது. அவன் முட்டியைத் தடவிக்கொண்டான். "பரவால்லடா. இங்க உக்காந்து பாக்கறதும் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷமும் இங்கயே வந்துடுவேன்னு நெனைக்கறேன்."

அடுத்த வருடமும் இங்கேயே. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதுதான் ஓடியது. டர்ஃபில் அவன் ஓடியபோது நான் மேலே இருந்தேன். அவன் தப்பு செய்தால் எழுதி வைக்கலாம். அவனை அங்கிருந்து விரட்டி, எனக்கு இருந்த ஒரே இடத்துக்கு நானே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தேன். பதினேழு வயதில் அவன் என் இடத்தை எடுத்துக்கொண்டான் என்று எனக்குள்ளேயே சொல்லித் திரிந்தேன். இந்தத் தடவை அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தவன் நான்.

ஆறாவது ஆட்டத்தோடு முதல் சுற்று முடிந்தது. நாங்கள் கடைசி. மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் ஃபேக்டரி வாசலிலேயே நின்று பன்னிரண்டாவது கட்டத்தை மேனேஜருக்கு அனுப்பினேன். சென்ற ஆண்டு அவன் ஓடிய கணக்கு, ஓடாத கணக்கு. இந்த ஆண்டு ஆறு ஆட்டங்களில் இருபத்து நான்கு கார்னர், பதின்மூன்று கோல். கீழே எழுதினேன்: "ஹஃபிஸை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். விஜயேந்திரனைத் திரும்ப எடுங்கள். கார்னருக்கு அவன் முதலில் ஓடட்டும்."

பத்து நிமிடத்தில் அங்கிள் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல போன வருஷக் கணக்கும் இருக்கு."

"ஆமா அங்கிள்."

"அப்போ லிஸ்ட் கேட்டப்பவே ஒங்கிட்ட இருந்துச்சு."

"இருந்துச்சு."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்றால் முடிந்திருக்கும். அவரே அதற்கு வழி விட்டிருந்தார். ஆனால் மறந்துபோகிற ஆள் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை. "இல்ல அங்கிள். அவன் போகணும்னு விட்டேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இப்ப ஏன் வரணும்?"

"வந்தா கோல் கொறையும்."

"சரி. அவன எடுக்கறேன்." மூச்சை விட்டார். "ஆனா இனிமே நீ எனக்கு எதுவும் எழுதி அனுப்ப வேணாம். அனுப்பினாலும் படிக்க மாட்டேன். புரியுதா?"

"புரியுது அங்கிள்."

இரண்டாம் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு விஜயேந்திரன் முகமூடியைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தான். "அக்கா, எனக்கு ஒன்னு எடுத்து வைங்க" என்றான். பிறகு என்னிடம், "சாப்பிட்டியாடா?" என்றான். ஆம் என்று தலையாட்டினேன். இறங்கிப் போனான். நான் என் பழைய இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

இருபதாவது நிமிடத்தில் எதிரணிக்குக் கார்னர். பந்து தள்ளப்பட்டது. அவன் கிளம்பினான். முப்பத்தொரு வயது, தேய்ந்த முட்டி. ஆனால் அந்த முதல் நான்கு அடியில் வயது தெரியவில்லை. வீசினார்கள். பந்து எலும்பில் பட்ட சத்தம் நான்காவது வரிசை வரை கேட்டது. பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. அவன் குப்புற விழுந்தான், பிறகு எழுந்து காலை உதறிக்கொண்டான்.

"புரொஃபசர்!" பிரேமலா அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினார். "என்ன ஆச்சு? ஏன் கோல் விழல?"

முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அவன் திரும்பல அக்கா."

"திரும்பலன்னா?"

"பந்து வரும்போது ஒடம்பு தானாத் திரும்பிக்கும். அவனுக்குத் திரும்பல."

"அவ்ளோதானா?" என்றார். ஒரு கறிபாப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். டப்பாவில் விஜயேந்திரனுக்காக ஒன்றைத் தனியாகத் தாளில் சுற்றி வைத்திருந்தார், பெரியதாகப் பார்த்து.

பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். யாருக்கும் அனுப்பப்போவதில்லை என்றாலும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அடுத்த கார்னர் வந்தது. நான் எழுந்து நின்று, இந்த ஒரு தடவையாவது அவன் திரும்ப வேண்டும் என்று அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பவில்லை.